பேட்டரியைத் தின்கிறவள்

தமிழுக்கு ரெண்டை அமுக்கச் சொன்னுச்சு, அமுக்கிட்டேன். பாட்டுப் போட்டுச்சு, முழுப் பாட்டையும் கேட்டுட்டேன். இப்ப பேசுதது ஆளா, மிஷினா? ஆளா? நல்லது. பேரு என்னம்மா? ஜெபமலரா? கொஞ்சம் சத்தமாப் பேசு ஜெபமலர், கெணத்துக்குள்ள இருந்து பேசுத மாதிரி இருக்கு. சத்தமாப் பேசினா பக்கத்துல யாரும் ஏசுவாங்கன்னா வேண்டாம், மெதுவாவே பேசு. நான் காதை வச்சுக் கேட்டுக்கிடுதேன்.

என் பேரு சண்முகவடிவு. பாளையங்கோட்டையில இருந்து பேசுதேன். இது எங்க வீட்டுக்காரரு ஃபோனு. கேமராப் படம் வாரது என் ஃபோன்ல, அதையும் கையிலதான் வச்சிருக்கேன். வீட்டுக்கு வெளிய மாட்டுதது, வயர் கெடயாது, பேட்டரியில ஓடுததுன்னு ஒண்ணு இருக்குல்லா, அதான். அந்தப் பேட்டரிய ஒருத்தி தின்னுட்டு இருக்கா.

ஆமா, ஒருத்திதான். பேரும் சொல்லுதேன், எழுதிக்கோ. உலகம்மா. என் கொழுந்தன் பொண்டாட்டி. அடுத்த வீடு.

எழுத வேண்டாமா? சரி, நீ கேக்கதக் கேளு.

முழுசாத்தாம்மா சார்ஜ் போடுதேன். பச்சை விளக்கு வந்த பெறகுதான் கழட்டுவேன். கூட வந்த வயருலதான் போடுதேன், ஃபோன் வயருல போடல. அட்டைப்பெட்டியில மாசக்கணக்குல தாங்கும்னு அச்சடிச்சிருக்கீங்க. எனக்கு ஒரு வாரம் தாங்கல. சிவப்பு வந்துருது. அதக் கழட்டுததுக்கு நான் ஸ்டூல் மேல ஏறணும். எனக்கு மூட்டு வலி. எங்க வீட்டுக்காரரு ஏறமாட்டாரு. "நீ வச்ச கண்ணு, நீயே ஏறு"ங்காரு. பஸ்ஸு ஓட்டி ரிட்டயர் ஆன மனுசன், ஸ்டூல்ல ஏறினா தல சுத்துதாம்.

எங்க மாட்டிருக்கேனா? எங்க வீட்டுக்கும் அவ வீட்டுக்கும் நடுவுல ஒரு முடுக்கு. ரெண்டு பேரு எதிர எதிர வந்தா ஒருத்தர் ஒதுங்கணும், அம்புட்டுதான் அகலம். எங்க பக்கத்துச் சுவருல மாட்டிருக்கேன். அவ புறவாசலப் பாத்து. திருடனுக்குன்னு சொல்லித்தான் மாட்டுனேன். உங்கிட்ட என்னத்துக்கு மறைக்க, அவளுக்குத்தான் மாட்டுனேன்.

முடுக்குல எங்க பக்கம் ஒரு கருவேப்பிலை மரம் நின்னுச்சும்மா. இருந்தா இப்படி இருக்கணும்னு தெருவே பாத்துட்டுப் போகும். நாலு வீட்டுக்கு நான்தான் கொத்து ஒடிச்சுக் குடுப்பேன். அது பட்டுப்போச்சு. நுனியில இருந்து காஞ்சு, அடி வரைக்கும் வந்துட்டு. தானாவா பட்டுப்போகும்? அவ வடிச்ச கஞ்சிய கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவந்து மரத்து மூட்டுல, வேருமேல ஊத்திருக்கா. பாத்தேனான்னா? பாக்கல. பாத்திருந்தா கேமரா என்னத்துக்கு?

நான் அந்த மரத்த எப்படி வளத்தேன் தெரியுமா? வாஷிங் மெஷின் வாங்குன அன்னைக்கே ஆளைக் கூப்பிட்டு, அந்தக் குழாய மரத்து மூட்டுல கொண்டுவிடச் சொல்லிட்டேன். ஒரு சொட்டுத் தண்ணி வீணாப் போகல. சோப்புத் தண்ணின்னாலும் தண்ணிதான? அம்புட்டுத் தண்ணி குடிச்ச மரம் காயுதுன்னா, அவ கொதிகஞ்சி ஊத்தாம எப்படிக் காயும்? நீயே சொல்லு.

சொல்ல மாட்டியா? சரி.

பங்குனி உத்திரத்துக்கு எங்க சாஸ்தா கோயிலுக்கு மொத்தக் குடும்பமும் வரும். மதுரையில இருந்து, பம்பாயில இருந்து, எல்லாச் சொக்காரங்களும் வருவாங்க. பொங்கல் வச்சு, படைச்சு, சாப்பிட்டு எல்லாரும் மரத்தடியில சாஞ்சிருப்பாங்கல்லா, அந்நேரம் இந்த ஃபோன எடுத்துக் காட்டணும். "இன்னா பாருங்க, உங்க வீட்டு மருமக லட்சணத்த." வேற ஒண்ணும் வேண்டாம் எனக்கு. அந்த ஒரு படம் போதும். அவ மூஞ்சி சுருங்குதத நான் பாக்கணும். அதுக்குத்தான் நான் ஸ்டூல் ஏறி ஏறி இறங்குதேன். சிக்க வேண்டிய நேரம் பாத்து பேட்டரி போயிருது.

கூர்மை? சென்சிட்டிவிட்டியா? அதை உச்சத்துலதான் வச்சிருக்கேன். ஓணான் தலையாட்டினாலும் எனக்குத் தெரியணும். குறைக்கணுமா? குறைச்சும் பாத்துட்டேனே. நீங்க போட்டிருக்கத எல்லாம் படிச்சுப் பாத்து ஒவ்வொண்ணாச் செஞ்சாச்சு. கொடியில அவ சீலை ஆடினா படம் புடிக்குதுன்னு, அந்த எடத்த மட்டும் கட்டம் போட்டு மறைச்சேன். படத்தோட நீளத்தக் குறைச்சேன். வைஃபை பொட்டிய அடுக்களை சன்னல்கிட்ட கொண்டுவந்து வச்சேன், இப்ப கோடு நாலும் நிறைஞ்சு நிக்கு. வெயிலும் படாது. அவ கட்டுன மாடிதான் எங்க வெயில மறைக்கே. அதுக்குப் பெறகும் பேட்டரி நிக்கல. அப்பத்தான் எனக்கு விளங்கிச்சு, இது மிஷின் கோளாறு இல்ல, மனுசக் கோளாறுன்னு. அவ மவன் சென்னையில கம்ப்யூட்டர் கம்பெனியில இருக்கான். அங்கயிருந்தே உறிஞ்சுதானோ என்னமோ.

என்ன படமெல்லாம் வருதா? எல்லாம் வருது. பூனை வருது. எங்க வீட்டுக்காரரு பல்லு விளக்கிட்டு அந்த மரத்து மூட்டுலதான் கொப்பளிக்காரு, அது வருது. அவரும் அவரு தம்பியும் முடுக்குல நின்னு சிரிச்சுச் சிரிச்சுப் பேசுதது வருது. பொம்பளைக நாங்க பேசுதது கெடயாது. ஆம்பளைக பேசுவாங்க, டீக்கடைக்கு ஒண்ணாப் போவாங்க, தெரு முனை வந்ததும் ஆளுக்கொரு பக்கமாப் பிரிஞ்சு, யாரோ மாதிரி வருவாங்க. எனக்குத் தெரியாதுன்னு நெனப்பு.

அவளும் வருதா. அதத்தான் சொல்ல வந்தேன். கஞ்சி ஊத்தத்தான் மாட்டேங்கா. மத்தியானம் எல்லாரும் படுத்த பெறகு புறவாசலத் தொறந்து நேரா வந்து கேமராவுக்கு முன்னால நிக்கா. நிமிந்து பாத்துச் சிரிக்கா. எனக்கு எப்படி இருக்கும்? ஒரு நாளு தட்டுல ஆமவடை வச்சுத் தூக்கிக் காட்டுதா. ஒரு நாளு புதுச் சீலைய விரிச்சுக் காட்டுதா. வாயி ஓயாம அசையுது, என்னத்தையோ சொல்லி ஏசுதா. பெறகு வயித்தத் தடவிக் காட்டுதா. நான் திருப்தியா சாப்பிட்டேன், நீ கெடந்து சாவுன்னு அர்த்தம். ஒரு நாளு முந்தானைய வச்சுக் கண்ணத் தொடைக்கா. நடிப்பு. கேமரா இருக்குன்னு தெரிஞ்சா யாருக்குத்தான் நடிப்பு வராது?

முந்தாநாளு என்ன செஞ்சா தெரியுமா? வளையலு. கண்ணாடி வளையலு. பச்சையும் சிவப்புமா ரெண்டு கையிலயும் கொத்தாத் தூக்கி, ஆட்டி ஆட்டிக் காட்டுதா. எனக்கு நெஞ்சுல கத்திய விட்டு ஆட்டுன மாதிரி இருந்துச்சு. ஏன்னா, என் மக சுபாஷிணிக்கு இன்னும் பிள்ள இல்ல. கல்யாணம் ஆகி எத்தனையோ வருசம் ஆச்சு. வளைகாப்பு எப்பன்னு கேக்காத சொக்காரன் இல்ல. அத வச்சுத்தான் குத்துதா. பொம்பளைக்குப் பொம்பளை செய்யுத காரியமா இது?

சத்தத்த வச்சுக் கேக்கலயான்னா? இல்லம்மா. சத்தத்த மூடிட்டேன். ஆரம்பத்துல ஒரு நாளு, இவ வந்து நின்னாளா, நான் கட்டில்ல இருந்துக்கிட்டே என் வாய்க்கு வந்தத எல்லாம் சொல்லி ஏசுனேன். கையி எங்கயோ பட்டு அந்த மைக்குப் படம் அமுங்கிருக்கு. நான் ஏசுனது அம்புட்டும் முடுக்குல இருந்து தெரு வரைக்கும் கேட்டிருக்கு. பால்காரன் சைக்கிள நிறுத்திக் கேட்டுட்டுப் போனானாம். எங்க வீட்டுக்காரரு ஓடி வந்து, "ஏட்டி, ஊருக்கே ஒலிபரப்புதியே"ன்னாரு. அன்னைக்கு மூடினதுதான். அந்தப் பக்கமே விரலு போகல. ஊமைப் படமாத்தான் பாக்கேன். படமே போதும், அவ மூஞ்சியில எழுதி ஒட்டிருக்கு.

சண்டை எதுலயா? அது இருக்கு, சொல்லுதேன். நீ சின்னப் பிள்ள, இருந்தாலும் சொல்லுதேன். சுபா ஒரு தடவ மாசமா இருந்தா. இங்கதான் வந்திருந்தா. நான் சந்தோசத்துல எல்லாருக்கும் ஃபோன் போட்டுச் சொல்லிட்டேன். சொல்ல மாட்டேனா? அது கலைஞ்சுட்டு. பெறகு அத்தனை பேருக்கும் திரும்ப ஃபோன் போட்டு இல்லன்னு சொல்ல வேண்டி வந்துச்சு. எனக்கு எப்படி இருக்கும்? வந்து பாத்தவங்க முன்னால, "ராத்திரி பகலா கம்ப்யூட்டரக் கட்டிட்டுக் கெடந்தா எப்படித் தங்கும்"னு ஒரு வார்த்த சொன்னேன். ஊரு உலகத்துல யாரும் சொல்லாததையா சொன்னேன்? பெத்தவ சொல்லாம வேற எவ சொல்லுவா? இந்த உலகம்மா அத்தனை பேருக்கு முன்னால எழுந்திரிச்சு, "இப்படிப் பேசாதீங்கக்கா, பிள்ள நொந்து கெடக்கா"ங்கா. எனக்குப் புத்தி சொல்லுதா. என் பிள்ளைகிட்ட நான் எப்படிப் பேசணும்னு இவ சொல்லித் தருதா. சின்னதுல சுபாவ இவதான் இடுப்புல வச்சுட்டுத் திரிஞ்சா, இல்லங்கல. நான் டீச்சர் வேலைக்குப் போயிருந்தேன். அதுக்காக அவ தாயாயிருவாளா?

அன்னைக்கே பேச்ச அறுத்தேன். சுபாவையும் விடல. என் தலையில கைய வச்சு, "சித்திக்கு இனி ஃபோன் போட மாட்டேன்"னு சத்தியம் வாங்கிட்டேன். போட்டா என்னைய உசுரோட பாக்க முடியாதுன்னு சொல்லிட்டேன். என் பொண்ணு சத்தியம்னா சத்தியம். அயர்லாந்துல இருந்து எனக்குத்தான் போடுவா. வாரா வாரம். "நல்லாருக்கேம்மா. சாப்பிட்டேம்மா. வச்சிரட்டாம்மா." அம்புட்டுதான், வளவளன்னு பேசுத பிள்ள இல்ல. வீடியோவுல வான்னா நெட்டு சரியில்லம்பா. வெளிநாட்டு நெட்டும் நம்ம ஊரு மாதிரிதான் போல.

இந்தக் கேமராவையும் அவதான் வாங்கி அனுப்புனா. பாசம் இருக்கப் போய்த்தான? என் ஃபோன்லயும் அவதான் எல்லாம் போட்டுக் குடுத்தா.

என்னது? சொல்லு. உன் கம்ப்யூட்டர்ல என்ன தெரியுது?

இன்னொரு ஃபோனா? இந்தக் கேமராவ இன்னொரு ஃபோன்ல இருந்தும் தொறக்காங்களா? நான் சொன்னேன்ல! சொன்னேன்ல நான், ஒருத்தி தின்னுதான்னு! புடிச்சுட்டியே ஜெபமலர், நீ நல்லா இருப்ப. உடனே அத நீக்கு. இப்பவே நீக்கு. போலீஸ்ல சொல்லுததுக்கு ஒரு தாளு அடிச்சுக் குடு.

நீக்க முடியாதா? ஏன் முடியாது? என் வீடு, என் சுவரு. அவங்கதான் சொந்தக்காரங்களா? நான் யாரு? விருந்தாளியா? என் வீட்டுக் கேமராவுல நான் விருந்தாளியா? என்னம்மா பேசுத? சொந்தக்காரங்க பேரு என்ன போட்டிருக்கு?

சுபாஷிணி.

சுபாவா?

அட, என் மகளா? அதான பாத்தேன். அம்மா எப்படி இருக்கான்னு பாப்பா. அதுல என்ன இருக்கு? மக தாயப் பாக்கா.

தினமுமா? மத்தியானமா? அரை மணிக்கு மேலயா?

இந்தக் கேமரா எங்க வாசலப் பாக்காதே ஜெபமலர். முடுக்கத்தான் பாக்கு.

பாக்குதது மட்டும் இல்லயா? பேசுதாளா? அந்த மைக்கு வழியாவா? பேசுனா பேட்டரி இன்னும் வேகமாப் போகுமா? யாருகிட்ட பேசுதா? என்கிட்ட பேசலயே. முடுக்குல பூனைகிட்டயா பேசுவா?

இரு. சத்தம் எங்க தொறக்கணும்? மேல வலது பக்கமா? கோடு போட்ட ரேடியோக் குழாய் மாதிரி ஒண்ணு இருக்கு. அதா? அமுக்கிட்டேன். முந்தாநாளு படத்தப் போடுதேன். நீ லைன்ல இரு. வச்சிராத.

…

கேட்டியா?

உனக்குக் கேட்டுச்சா? தெளிவாக் கேக்கலயா? எனக்குக் கேட்டுச்சு. என் பிள்ளை குரலு. எங்க சுவருக்குள்ள இருந்து வருது. "சித்தி, நேத்து பூரா உதைச்சுட்டே இருந்தான்"ங்கா. இவ, "எந்தப் பக்கம்டி?"ன்னு தன் வயித்தத் தடவிக் கேக்கா. "மேல சித்தி. இன்னும் மேல." அப்பறம் இவ வளையலக் காட்டுதா. "ரெண்டு நாலு சைஸு வாங்கிருக்கேன், உன் கல்யாணத்துக்கு வாங்குன அளவு." அவ சிரிக்கா. என் பிள்ளை இம்புட்டு நேரம் சிரிச்சு நான் கேட்டதில்ல. "ஃபோன் போடமாட்டேன்னுதான சித்தி சத்தியம் பண்ணேன், இது ஃபோனா?"ங்கா. வக்கீலுக்குப் படிக்க வச்சிருக்கணும் கழுதைய.

மாசமா இருக்கா. ஏழாவது மாசமாம். எனக்குத் தெரியாது.

பெத்தவளுக்குத் தெரியாது, முடுக்குக்குத் தெரிஞ்சிருக்கு. பூனைக்குத் தெரிஞ்சிருக்கு. நான் வாரத்துக்கு வாரம் ஸ்டூல் ஏறி, மூட்டு வலியோட, அவளுக பேசுததுக்குச் சார்ஜ் போட்டுக் குடுத்திருக்கேன்.

இரு, இன்னும் ஓடுது. உலகம்மா கேக்கா, "அம்மாகிட்ட எப்பச் சொல்லுவ?" சுபா, "பொறந்த பெறகு சொல்லுதேன் சித்தி. இப்பச் சொன்னா ஊரு பூரா சொல்லுவா. ஏதும் ஆச்சுன்னா…" அங்க நிறுத்திட்டா. இந்த உலகம்மா சொல்லுதா, "அப்படிச் சொல்லாதட்டி. அக்கா வாயிதான் அப்படி. அன்னைக்கு நீ ஆஸ்பத்திரியில கெடக்கும்போது இந்த முடுக்குல நின்னு தனியா அழுதது எனக்குத் தெரியும். நீ சொல்லலன்னா நான் இந்த வளையல அனுப்பவே மாட்டேன்."

எனக்குச் சிபாரிசு! பாத்தியா ஜெபமலர்! என் பிள்ளைகிட்ட எனக்கு இவ சிபாரிசு பண்ணுதா! இத நான் எப்படிப் பொறுக்க? கஞ்சி ஊத்தினத மன்னிச்சாலும் மன்னிப்பேன், இத மன்னிக்க மாட்டேன். நான் அழுதத இவ ஏன் பாத்தா? எவளும் பாக்கக் கூடாதுன்னுதான் முடுக்குக்குப் போனேன்.

ஒண்ணும் இல்லம்மா. சளி. நீ ஏன் மூக்க உறிஞ்சுத?

சரி, கேளு. அந்த நேரத்தக் குறைக்கச் சொல்லி மகள்கிட்டச் சொல்லணுமா? பேசுததக் குறைச்சா பேட்டரி தாங்குமா? வேண்டாம். ஒண்ணும் குறைக்க வேண்டாம். சிவப்புதான காட்டுது, நான் சார்ஜ் போட்டுக்கிடுதேன். மாத்துப் பேட்டரி ஒண்ணு தனியா விப்பீங்களா? அனுப்பு. ஒண்ணு சார்ஜ்ல இருக்கும்போது இன்னொண்ணு மாட்டியிருக்கணும். இடையில நிக்கக் கூடாது. சாட்சிக்குத்தான் சொல்லுதேன், வேற எதுக்கும் இல்ல.

ஏய், இரு, இரு. மணி அடிக்குது இதுல. "அசைவு தெரிகிறது." வந்துட்டா. புறவாசலத் தொறந்து வாரா பாரு. கையில அந்த வளையல் பொட்டி. நிமிந்து பாக்கா. இப்ப சத்தம் தொறந்திருக்கு, என்ன சொல்லுதான்னு கேப்போம். "சுபா, இன்னைக்கு மூஞ்சி கை காலு எல்லாம் எப்படி இருக்கு?"ங்கா. என் பிள்ளை சொல்லுதா, "வீங்கிருக்கு சித்தி, மோதிரம் கூடப் போக மாட்டேங்கு."

மோதிரமே போகலயாம்.

ஜெபமலர்! மாட்டிக்கிட்டா! உலகம்மா மாட்டிக்கிட்டா! மாசக்கணக்கா நான் காத்துட்டு இருந்தது இதுக்குத்தான். ரெண்டு நாலு வாங்கி வச்சிருக்காளே, அது எப்படி ஏறும்? கல்யாணத்தப்ப இருந்த கையா இப்ப? கண்ணாடி வளையல அமுக்கி ஏத்தினா ஒடையாதா? வளைகாப்பு வளையலு ஒடையலாமா? இடுப்புல தூக்கி வச்சுட்டுத் திரிஞ்சா போதுமா? பெத்திருந்தால்ல தெரியும், வயித்துப்பிள்ளக்காரிக்குக் கை எம்புட்டு வீங்கும்னு. அவளும் ஒண்ணு பெத்திருக்கா, சரி. பையன். பையனுக்கு வளையல் அளவு யாரு பாக்கா?

அந்த மைக்குப் படம் எங்க இருக்கு? கீழ நடுவுலயா? நீலமா? அமுக்கிட்டே பேசணுமா? நீ வச்சிராத. நீதான் சாட்சி.

ஏட்டி உலகம்மா! என்னத்துக்குப் பதறுத, பொட்டியக் கீழ போட்டுராத. மேல பாரு. நான்தான். வடிவு அக்கா. உனக்கு வளையல் வாங்கக் கூடத் தெரியலயே. அதக் கொண்டுபோயிக் கடையில திருப்பிக் குடு. ரெண்டு ஆறு வாங்கணும். நீ போவாத, உனக்குப் பாக்கத் தெரியாது. நில்லு, நான் செருப்பப் போட்டுட்டு வாரேன்.

சுபா, நீ லைன்லயே இரு. அம்மா சார்ஜ் போடுதேன்.